மஞ்சள் பூட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் லேபிள் அச்சிடும் கூடத்துக்கு வந்தவர்கள்:

ஆப்பரேட்டர். பெண். வயது நாற்பத்தொன்று. அந்த மெஷினோடு பதினோரு வருடம்.

மெஷின் கம்பெனி அனுப்பிய மெக்கானிக். ஆள் ஒல்லி, வாய் மட்டும் பருமன்.

வாட்ச்மேன். வெளி கேட்டோடு சரி. கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

பதிவேட்டில் மூன்று வரிதான் எழுதியிருந்தது. நாலாவது ஆள் கையெழுத்துப் போடவில்லை.

"சாவியை இங்கேயே வாங்கிக்கோம்மா. நீயே போய்த் திற," என்றார் வாட்ச்மேன்.

"என்ன பெரியவரே, பயமா?" மெக்கானிக் சிரித்தான்.

"பயம் என்ன பயம். முட்டி வலி."

"முட்டி வலிக்கு ஏன் கை நடுங்குது?"

வாட்ச்மேன் சாவியை அவள் கையில் போட்டார்.

வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஈரமும் தூசியும் பட்டால் லேபிள் ரோல் வீணாகும் என்று கட்டும்போதே அடைத்துவிட்டார்கள். அதற்குள் மதியமும் ஒன்றுதான், நடுநிசியும் ஒன்றுதான். மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த இடம். குழல் விளக்குகள் இரண்டு முறை துடித்து, மூன்றாவது துடிப்பில் எரிந்தன. மையும் பசையும் கலந்த பழைய வாடை முகத்தில் அடித்தது.

அதற்கு அடியில் லேசாகக் கிராம்பு வாசனை.

அவள் அதை முகர்ந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மெஷின் ஒரு பஸ் நீளம். இந்தக் கோடியில் வெற்று ரோலை மாட்டினால், அந்தக் கோடியில் அச்சாகி, வெட்டுப்பட்டு, சுற்றிக்கொண்டு வரும். நிமிடத்துக்கு நூற்றைம்பது மீட்டர். கண்ணால் பார்த்தால் எழுத்து தெரியாது, வெள்ளைக் கோடு ஒன்று ஓடுவது மட்டும்தான் தெரியும். பட்டன்கள் இருக்கும் இடத்தில் நின்றால் மெஷினின் பின்பக்கம் தெரியாது. அதற்கு இருபது அடி நடந்து, வளைந்து போய்ப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்குக் கொடுத்த வேலை சுருக்கம். பின்பக்கத்து ரோலரில் ஒன்றை மாற்றி, பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து, 'மெஷினில் குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுடைய வேலை அதைவிடச் சுருக்கம். மேனேஜர் டைப் அடித்து வைத்திருந்த தாளின் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்து.

கடைசி வரி இதுதான்: சம்பவ நேரத்தில் மெயின் சுவிட்சில் இறந்தவருடைய பூட்டு இல்லை.

இறந்தவர் அவளுடைய அக்கா புருஷன். அதே மெஷினுக்கு ஃபிட்டர். கூடத்தில் அவருக்கு 'மூணு இழுப்பு' என்று பட்டப்பெயர்.

அங்கே ஒரு விதி உண்டு. மெஷினுக்குள் கை வைக்கிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் இரும்புக் கொக்கியில் தன் பூட்டை மாட்ட வேண்டும். நாலு பேர் வேலை செய்தால் நாலு பூட்டு. ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்ச் அசையாது. பூட்டியவன்தான் திறக்க வேண்டும், வேறு எவனும் தொடக்கூடாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவருடையது மஞ்சள் பூட்டு. மாட்டியதும் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். ஒரு கிராம்பைக் கடைவாயில் போட்டுக்கொண்டு உள்ளே குனிவார். வீட்டுக் கதவிலும் அதே மூன்று இழுப்புதான்.

"வீட்டுப் பூட்டையே மூணு தரம் இழுத்துப் பாக்குற மனுஷன், அங்க போய்ப் பூட்டாம கைய விடுவாராடி?" என்று அக்கா மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா மகளைப் பள்ளிக்கூடத்தில், பூட்டாமல் செத்தவர் மகள் என்று சொல்கிறார்களாம். "நீ கூடத்தானே இருந்தே? நீ பாத்தியா?"

"இல்லக்கா, நான் பாக்கல," என்று இவளும் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பார்த்தாள். அந்தப் பூட்டைத் திறந்ததே அவள்தான்.

அத்தானுக்கு ஒரு கெட்ட பழக்கம். பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். இரண்டு தடவை மெஷின் காத்துக் கிடந்து மேனேஜர் குதித்த பிறகு, தன் மாற்றுச் சாவியை இவளிடம் கொடுத்தார். "அவசரம்னா தொற மச்சினி. ஆனா பின்னாடி வந்து ஒரு தரம் பாத்துட்டுத் தொற." நாற்பது தடவையாவது அப்படித் திறந்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்த இருபது அடி நடந்து பார்த்துவிட்டுத்தான் திறந்தாள்.

ஒரே ஒரு நாள் நடக்கவில்லை. மேஜையில் அவருடைய டீ டம்ளரைக் காணோம், ஆள் போயிருப்பார் என்று நினைத்தாள். அன்றைக்கு அவர் டம்ளரைக் கையோடு பின்னால் எடுத்துப் போயிருந்தார். மணி மூன்று நாற்பத்திரண்டு.

பிறகு கூட்டம் கூடுவதற்கு முன்பே மஞ்சள் பூட்டை அவருடைய டூல் பாக்ஸில் போட்டாள். அந்த டூல் பாக்ஸ் இப்போது அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில். மாற்றுச் சாவி இவளுடைய கைப்பையின் உள் ஜிப்பில். இவ்வளவுதான் கதை. வேறு யாருக்கும் தெரியாது.

மெக்கானிக் தன் சிவப்புப் பூட்டை மாட்டினான். அவள் தன் நீலப் பூட்டை மாட்டினாள். இருவரும் பின்பக்கம் போனார்கள். பழைய ரோலரைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. அவன் வாய் ஓயவே இல்லை.

"எங்க வீட்டுக்காரியும் இந்த மெஷின் மாதிரிதான் மேடம். ஓடுற வரைக்கும் ஓடும். நின்னா ஏன் நின்னுச்சுன்னு கடவுளுக்கே தெரியாது."

அவள் சிரித்து வைத்தாள். புது ரோலரை முடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, பூட்டைக் கழற்ற முன்பக்கம் வந்தார்கள்.

கொக்கியில் மூன்று பூட்டு தொங்கியது.

சிவப்பு. நீலம். மஞ்சள்.

"யாருது இது?" என்றான் மெக்கானிக். "வாட்ச்மேன் வந்தாரா? முட்டி வலின்னாரே!"

மஞ்சள் பூட்டின் ஓரத்தில் ஒரு நசுங்கல். அடிப்பக்கத்தில், அடையாளத்துக்காக அக்கா வைத்துவிட்ட நகப்பூச்சுப் பொட்டு.

"யாரோ... விளையாட்டுக்கு மாட்டியிருப்பாங்க."

"இதுலயா விளையாடுவாங்க? சாவி இல்லேன்னா அறுத்துத்தான் எடுக்கணும். வண்டியில கட்டர் இருக்கு. மேனேஜர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன், இது யார் பூட்டுன்னு கண்டுபிடிக்கட்டும்."

அவன் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. வெளிக்கதவு மூடியது.

மின்சாரம் இல்லாத மெஷினுக்குச் சத்தம் கிடையாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். பதினோரு வருடம்.

சரக்.

பின்பக்கமிருந்து.

சரக். சரக்.

ரோலரில் ஒட்டிய பசையைத் துணியால் தேய்க்கும் சத்தம். நிதானமாக, அவசரமே இல்லாமல், நாள் முழுக்க நேரம் இருக்கிற மாதிரி. கிராம்பு வாசனை இப்போது லேசாக இல்லை. பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் எப்படி அடிக்குமோ அப்படி அடித்தது.

இருபது அடி. போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போகலாம்தான்.

அவள் போகவில்லை. மேனேஜர் வந்து பூட்டைத் திருப்பிப் பார்ப்பார். நகப்பூச்சைப் பார்ப்பார். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவளுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. கைப்பையைத் திறந்தாள். உள் ஜிப். சாவி சில்லென்று விரலில் பட்டது.

சாவியைப் பூட்டில் நுழைத்தாள்.

தேய்க்கும் சத்தம் நின்றது.

"இரு மச்சினி," என்றது குரல், மெஷினின் பின்பக்கமிருந்து, சாதாரணமாக, டீ சொல்லச் சொல்கிற மாதிரி. "நான் இன்னும் வெளிய வரல."

அவள் சாவியைத் திருப்பினாள்.

பூட்டு கனமாக உள்ளங்கையில் விழுந்தது. அதைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தபோது மெக்கானிக் கட்டரோடு மூச்சிரைக்க வந்தான்.

"எங்க அது?"

"என்னோட பழைய பூட்டுதான். நீலத்தோட சேத்து நான்தான் மாட்டியிருக்கேன், மறந்தே போச்சு. சாவி பையிலயே இருந்துது."

"நல்லா மறந்தீங்க போங்க. இதைத் தூக்கிட்டு வந்து என் இடுப்பு போச்சு. நல்லவேளை, மேனேஜர் போனை எடுக்கல." தன் பூட்டைக் கழற்றினான். அவளும் கழற்றினாள். சுவிட்சில் கை வைத்தபடி, வழக்கப்படி கேட்டான்: "பின்னாடி பாத்துட்டீங்களா?"

கேட்க வேண்டியது அவன் கடமை. பதில் சொல்ல வேண்டியது அவள் கடமை.

"பாத்துட்டேன்."

அவன் சுவிட்சைத் தூக்கினான். பேனலில் விளக்குகள் எரிந்தன. பச்சைப் பட்டனை அழுத்தினான்.

வெற்றுத் தாள் மெல்ல நகர்ந்தது. பிறகு வேகம் பிடித்தது. பிறகு வெள்ளைக் கோடாயிற்று.

அப்போது பின்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. நனைந்த துணியை முறுக்கினால் வருகிற சத்தம். அவள் அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள், மறக்கிற சத்தமில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மெஷின் ஒரு துளியும் வேகம் குறையவில்லை.

"வெண்ணெய் மாதிரி ஓடுது!" என்றான் மெக்கானிக்.

பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினான். சுற்றிய ரோலிலிருந்து ஒரு முழம் இழுத்துப் பார்த்தான். இருமல் மருந்து லேபிள்கள். எழுத்து கூர்மை, நிறம் சரி, வெட்டு சரி. ஒவ்வொன்றின் மூலையிலும் அச்சான நேரம் இருக்க வேண்டும். கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். நாலரை.

"டைம் மட்டும் நிக்குது பாருங்க. எல்லாத்துலயும் மூணு நாப்பத்திரண்டு. உள்ள பேட்டரி தீந்திருக்கும். அடுத்த தரம் வர்றப்ப மாத்துறேன்."

குறை எதுவும் இல்லை என்று எழுதினான். அவள் தன் தாளில், கடைசி வரிக்குக் கீழே, கையெழுத்துப் போட்டாள். பேனா நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம்.

கூடத்தைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தாள். தெருமுனைச் சாக்கடையில் மாற்றுச் சாவியைப் போட்டாள். அது கறுப்புத் தண்ணீரில் ஒரு குமிழி விட்டு அமிழ்ந்தது. பூட்டையும் தலைமுழுகிவிடலாம் என்று பையைத் திறந்தாள்.

பூட்டு இல்லை.

பணப்பை, சீப்பு, பஸ் டிக்கெட், எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தாள். பையின் அடியில் ஒரே ஒரு கிராம்பு கிடந்தது.

ஓடவில்லை. ஓடினால் கூடவே யாரோ ஓடி வருகிற மாதிரி இருக்கும் என்று தோன்றியது. வெயில் தாழாத தெருவில், எதிரே வந்தவர்களுக்கு வழி விட்டு, அக்கா வீடு வரைக்கும் நடந்தாள். தினமும் சாயங்காலம் போகிற வீடு. இன்றைக்குப் போகாவிட்டால் அக்கா ஏன் என்று கேட்பாள்.

கதவு திறந்திருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து மகளுடைய பள்ளிச் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டூல் பாக்ஸ் திறந்து கிடந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவர் பூட்டைக் காட்டி நியாயம் கேக்கலாம்னு பொட்டியைத் தொறந்தேன். தினமும் மாட்டி மாட்டி எப்படித் தேஞ்சிருக்கு பாருங்கன்னு. பூட்டைக் காணோம்டி. நேத்து ராத்திரி இங்கதான் இருந்துது." அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். "நீ எடுத்தியா?"

"இல்லக்கா."

"சரி. கடைசியா ஒரே தடவை கேக்குறேன். அன்னைக்கு அவர் பூட்டைப் பாத்தியா, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் கிராம்பு வாசனை வந்தது, முதுகுக்குப் பின்னாலிருந்து.

அக்காவின் கை ஊசியோடு அப்படியே நின்றது. அவள் தங்கையைப் பார்க்கவில்லை. தங்கையின் தோளுக்கு மேலே, வாசலைப் பார்த்தாள்.

பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் பூட்டு விழுந்தது.

யாரோ அதை இழுத்துப் பார்த்தார்கள். ஒரு தரம். இன்னொரு தரம்.

அக்கா எழுந்து நின்று, மூன்றாவதற்காகக் காத்திருந்தாள்.

அதுவும் வந்தது.