பதினேழு விநாடி அம்மா

சுண்டுவுக்கு ஒன்பது வயது. வகுப்பிலேயே உயரம் குறைவு என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவளுக்கு நிஜப் பெயர் ஒன்றும் இருக்கிறது. வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியையைத் தவிர யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

அவளுக்கு இரண்டு வயது நிறைவதற்குள் அம்மா நோய்வாய்ப்பட்டு இறந்துவிட்டாள். வீட்டில் அம்மாவின் புகைப்படங்கள் மூன்று இருந்தன. மூன்றிலும் அம்மா விறைத்துப்போய் நின்றாள். கேமராவைக் கண்டாலே அம்மாவுக்கு உடம்பு மரக்கட்டை ஆகிவிடுமாம்.

"அம்மா எப்படிப்பா நடப்பாங்க? எப்படிச் சிரிப்பாங்க?" என்று சுண்டு கேட்பாள்.

"நல்லா" என்பார் அப்பா. ஒரே ஒரு சொல். உடனே அவருக்கு எங்கிருந்தோ ஓர் அவசர வேலை வந்துவிடும்.

புகைப்படத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஒரே ஒரு தடவையாவது அம்மா அசைவதைப் பார்த்துவிட வேண்டும் என்று சுண்டுவுக்கு ஏக்கமாக இருந்தது. பள்ளிவிட்டதும் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் கையசைக்கும்போது, அந்த ஏக்கம் இன்னும் கூடும்.

ஒரு சனிக்கிழமை, காலுறை தேடப்போன சுண்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு சின்னக் கேசட்டைக் கண்டெடுத்தாள். அதன்மேல் அப்பாவின் கோழிக்கிறுக்கல் எழுத்து: "பாப்பா நடக்கிறாள்."

"அப்பா, இது என்ன?"

அப்பா கேசட்டை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "உன் சித்தப்பாவோட பழைய வீடியோ கேமரா. ஒரு நாளைக்கு இரவல் வாங்கிட்டு வந்தேன். நீ முதல்முதலா நடந்தப்ப எடுத்தது."

"அம்மா இருக்காங்களா இதுல?"

"இல்லாம? உன்னை நடக்கவச்சதே அவதானே. வளைச்சு வளைச்சு எடுத்தேன்."

"அப்புறம் ஏன் எனக்குக் காட்டவே இல்ல?"

"போட்டுப் பார்க்க மெஷின் இல்லையே" என்றார் அப்பா. அது உண்மைதான். போட்டுப் பார்க்க அவருக்கு மனதில் தெம்பு இல்லை என்பதும் உண்மை. அதை அவர் சொல்லவில்லை.

கடைத்தெருவில் பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. இரண்டு நாளில் வேலை முடிந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் சுண்டுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தொலைக்காட்சியை நான்கு தடவை துடைத்தாள். அம்மா சினிமாவில் வருவதுபோலப் பளிச்சென்று வந்து, திரையிலிருந்து தன்னையே பார்க்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பென்டிரைவைச் செருகினார்கள். சுண்டு திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

முதலில் தரை வந்தது. பிறகு அப்பாவின் பெருவிரல். பிறகு மறுபடியும் தரை.

"அணைச்சிட்டீங்களா?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"அணைச்சாச்சு, அணைச்சாச்சு" என்றது அப்பாவின் குரல்.

அணையவே இல்லை. தரை ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலிக் கால் வந்தது. அப்பாவின் செருப்பு வந்தது. "இதோ எடுக்கிறேன், எல்லாரும் சிரிங்க!" என்று அப்பா சொன்ன அந்த நொடியில் படம் நின்றுபோனது. திரும்ப வந்தபோது மறுபடியும் தரை.

அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ! சிவப்பு விளக்கு!"

அப்பா மோட்டார் பழுது பார்ப்பவர். அவருடைய பட்டறையில் பச்சை விளக்கு எரிந்தால் இயந்திரம் ஓடுகிறது, சிவப்பு எரிந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். கேமராவில் அது தலைகீழ். சிவப்பு எரிந்தால்தான் படம் பதிகிறது. பாவம், அப்பா சிவப்பைக் கண்டதும் நின்றுவிட்டது என்று கேமராவைக் கீழே வைத்திருக்கிறார். சிவப்பு அணைந்ததும் ஓடுகிறது என்று வளைத்து வளைத்துப் பிடித்திருக்கிறார். எடுக்க நினைத்த ஒன்றுகூடப் பதியவில்லை.

கடைசியில் யாரோ கேமராவை மேசைமேல் வைத்தார்கள். தூரத்து ஜன்னல் ஓரம் ஓர் உருவம் தெரிந்தது.

"அம்மா!" என்று சுண்டு தாவிப்போய்த் திரையில் மூக்கை ஒட்டினாள். அப்பாவும் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் இருந்தன. கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. பதினேழு விநாடிகள் ஓடிப் படம் முடிந்தது.

"உங்கம்மாவை ஒழுங்காப் பதிஞ்சு வைக்கத் துப்பில்லாமப் போச்சே எனக்கு" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்திருந்தது. சுண்டுவுக்கும் அழுகை முட்டியது. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழுதால் யார் யாரைத் தேற்றுவது? அவள் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் மாலை இருவரும் மறுபடி கடைக்குப் போனார்கள்.

"பழைய கேசட்டுல இவ்வளவுதான் பாப்பா வரும்" என்றார் கடைக்காரர். "அந்தக் காலத்துச் சின்ன டிவிக்கு எடுத்த படம். இப்ப இருக்கிற பெரிய டிவியில போட்டா இழுத்துவிட்ட மாவு மாதிரி ஆயிடும். வேணும்னா கம்ப்யூட்டர்ல கொடுத்துப் பளிச்சுனு ஆக்கிப் பார்க்கலாம்."

"ஆக்குங்க அங்கிள்!"

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கடைக்காரர் இரண்டு திரைகளை அருகருகே வைத்தார். இடது பக்கம் பழைய படம். வலது பக்கம் புதியது.

புதியதில் ஒரு பெண் இருந்தாள். முடி முடியாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. வழவழப்பான கன்னம், வரிசையான பல்.

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் முகம் வாடிப்போனது.

"இது அவ இல்ல" என்றார்.

கடைக்காரர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "தெரியாத இடத்தையெல்லாம் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிஞ்ச ஏதோ ஒரு முகத்தை வச்சு நிரப்பிடுது சார்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அப்பா வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரைக் கூப்பிடச் சுண்டு வாசல்வரை போனாள். ஏதோ நினைத்துக்கொண்டு அங்கிருந்து ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

இடது பக்கத் திரையில் அம்மா இருந்தாள்.

அந்தக் கட்டங்கள் எங்கே? அவசரமாகத் திரையருகே ஓடினாள். கட்டங்கள் வந்துவிட்டன. பின்புறமாகவே அடியெடுத்து வாசலுக்கு வந்தாள். கட்டங்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. கண் கண்ணாயிற்று, வாய் வாயாயிற்று. இதுவரை அவள்தான் கிட்டப் போய்க் கிட்டப் போய்க் கெடுத்திருக்கிறாள்!

"அங்கிள், அந்தப் பழசை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிடுங்க. அப்பா, இங்க வாங்க! உள்ள போகாதீங்க. இந்தப் படியிலயே நில்லுங்க."

அப்பா நின்றார். பார்த்தார்.

ஜன்னல் ஓரத்தில் அம்மா, குழந்தை சுண்டுவின் கவுனைத் தன் தலையில் தொப்பிபோல மாட்டிக்கொண்டு ஆடினாள். ஒரு காலைத் தூக்கிக் குதித்தாள். கவுன் நழுவி மூக்கின்மேல் விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தரையில் நின்ற குழந்தை அவளைப் பார்த்து இரண்டு அடி நடந்து, தொப்பென்று உட்கார்ந்தது.

"அப்பா, அணைச்சாச்சுன்னு நினைச்சுத்தானே அம்மா இப்படி ஆடுறாங்க? நீங்க சரியா எடுத்திருந்தா, போட்டோல மாதிரி விறைச்சுக்கிட்டு நின்னிருப்பாங்க."

அப்பாவின் கை சுண்டுவின் தோளை இறுக்கிப் பிடித்தது. படியை அடைத்துக்கொண்டு நின்ற இருவரையும் தாண்டி உள்ளே போக முடியாமல் வாடிக்கையாளர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் பொறுங்க சார்" என்றார் கடைக்காரர், தானும் வாசலுக்கே வந்து நின்றபடி.

எத்தனை தடவை பார்த்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

"அம்மா ஏன்பா அப்படிச் சிரிச்சாங்க?"

வழக்கமான அந்த ஒற்றைச் சொல்லுக்காகச் சுண்டு காத்திருந்தாள்.

"அவ சிரிப்பு இருக்கே, ஆரம்பிச்சா நிக்காது" என்றார் அப்பா. "ஒரு தடவை பஸ்லேருந்து என் செருப்பு ஒண்ணு கீழ விழுந்துடுச்சு. அதை எடுக்க நான் ஒத்தைச் செருப்போட இறங்கி நிக்கிறேன். உங்கம்மா ஓடுற பஸ் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச் சிரிக்கிறா, சிரிக்கிறா, அடுத்த நிறுத்தத்துல இறங்கவே மறந்துட்டா..."

"அப்புறம்?"

அப்பா சொல்லிக்கொண்டே போனார். வீட்டுக்குத் திரும்பும் சந்து வந்தது. இரண்டு பேரும் திரும்பாமல் நேராக நடந்தார்கள்.