தறியில் விழுந்த குறுக்குக் கோடு

"ஏம்மே, ஒரு துண்டு கருவாடு துன்னா செத்தா பூடுவேன்?"

தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு திருமலை கேட்டார். அபிதகுசாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. களம்பூரில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, அப்போதுதான் ஆரணியில் பஸ் இறங்கி வந்திருந்தாள்.

யூரிக் ஆசிட் ஏறி, அவருடைய வலது கால் கட்டைவிரல் ஒரு வாரமாகத் தக்காளி போலச் சிவந்து கிடந்தது. போர்வை பட்டாலே அலறுவார். கருவாடு கூடாது, மிதிப்பலகையை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்து மாத்திரை கொடுத்திருந்தார். ஆனாலும் அன்றைக்கு அந்த முகத்தில் என்னவோ ஒரு தெளிச்சி. மனசு கேட்காமல் குழம்பு வைத்தாள். தட்டைத் தறியண்டையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். திரும்பி வந்து, வழக்கம்போல அவர் மீதி வைத்த தட்டிலேயே தானும் சாப்பிட்டாள். குழம்பு லேசாகக் கசந்தது. வெந்தயம் தூக்கலாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

விடியுமுன் வாந்தி, பேதி. அவருக்கு நிற்கவே இல்லை. அவளுக்கும் இருந்தது, ஒரு நாளில் அடங்கியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் திருமலை போய்விட்டார்.

"அவதான் எங்க அண்ணன சோத்துல வெஷம் வெச்சி கொன்னுட்டா. வாந்தி எடுத்ததெல்லாம் நடிப்பு" என்று தங்கை காசியம்மாள் போலீசில் எழுதிக் கொடுத்தாள்.

காரியத்துக்கு முந்தின நாள், காலை பத்து மணி. சப்-இன்ஸ்பெக்டர் சத்யப்ரியா கூடத்தில் வந்து உட்கார்ந்தார். சாவு விழுந்த வீட்டில் காரியம் முடியும்வரை யாரும் தறியைத் தொடுவதில்லை. அபிதகுசாம்பாள் ஊரிலிருந்து வந்தபோதே திருமலை நெசவின்மேல் போர்த்தியிருந்த பழைய வேட்டி அப்படியே கிடந்தது.

"லேப் அறிக்கை வந்துட்சும்மா. உடம்புல கால்ச்சிசின். அவர் கால் வலிக்கு டாக்டர் குடுத்த அதே மருந்து. ஆனா அளவுக்கு மேல."

"பாத்தீங்களா மேடம்! மாத்திரைய கரைச்சி ஊத்திகீறா!" என்றாள் காசியம்மாள்.

"அட்டைல மிச்சம் இருக்க வேண்டிய மாத்திரை சரியா இருக்குதே."

"வேற அட்டை வாங்கியிருப்பா."

அபிதகுசாம்பாள் நிமிரவில்லை. மாத்திரையைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அந்தக் கருவாடுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. டாக்டர் வேண்டாமென்றும் நான்தானே போட்டேன்?

அப்போது ஜவுளிக்காரர் ஜெயவேல் உள்ளே வந்தார். திருமலைக்குப் பாவு நூல் கொடுத்து நெய்ய வைப்பவர்.

"தங்கமான மனுசன் மேடம்" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். "கல்யாணச் சேலை. ஆர்டர் குடுத்த கட்சி ஜல்தி ஜல்தின்னு பேஜார் பண்ணிகினு கீறாங்க. இன்னும் ஒரு முழம்தான் பாக்கி, அதுக்குள்ள போய் சேந்துட்டாரு."

சத்யப்ரியா அபிதகுசாம்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் புடவையின் தோளில் கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடி.

"இது எத்தினி நாளாம்மா?"

"நாலஞ்சு நாளா. சீப்பு வெச்சா கையோட வருது. துக்கத்துலதான்னு..."

"நீங்க ஊருக்குப் போறப்ப சேலை எவ்ளோ நெய்ஞ்சிருந்தாரு?"

"பாதி. முந்தானைக்கே வரல. விரலு வீங்கினதும் நிறுத்திட்டாரு."

"நீங்க திரும்பி வந்தப்புறம் யாராவது இந்த வேட்டிய தூக்கிப் பாத்தீங்களா?"

"அய்யோ, தொடவே மாட்டோம் மேடம்" என்றாள் காசியம்மாளே.

"நீங்களே எடுங்கம்மா."

வேட்டியை விலக்கி, சுருட்டியிருந்த நெசவைப் பிரித்தாள் அபிதகுசாம்பாள். அரக்குப் பட்டின் நடுவே, குறுக்காக, மயிரிழை போல ஒரு கோடு. பாவு நாள்கணக்கில் இழுத்தபடி சும்மா நின்றால் விழுகிற கோடு. அதற்கு அப்பால் புதிய நெசவு, முந்தானை பாதி முடிந்திருந்தது. மிச்சம் சரியாக ஒரு முழம்.

சத்யப்ரியா ஜவுளிக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஜெயவேல் சார், பொண்டாட்டிக்கே தெரியாத கணக்கு உங்களுக்கு எப்படி தெரிஞ்சுது?"

"அது... சும்மா, குத்துமதிப்பா..."

"அந்த ரெண்டு நாள்ல நீங்க இங்க வந்திருக்கீங்க. மாத்திரைக்கு மசியாத வலி திடீர்னு அடங்கி, அவர் மிதிச்சி நெய்ஞ்சிருக்காரு. என்ன குடுத்தீங்க?"

ஜெயவேல் கையெடுத்துக் கும்பிட்டார். "கண்வலிக்கிழங்கு மேடம். தேவிகாபுரத்துல ஒருத்தர் மூட்டுவலிக்கு அரைச்சி பத்து போட குடுத்தாரு. உள்ளுக்கு சாப்ட்டா ஜல்தி கேக்கும்னு நான்தான் பொடி பண்ணி... சாவணும்னு குடுக்கல மேடம், சத்தியமா."

"செங்காந்தள் பூ தெரியுமில்ல? அதோட கிழங்குதான் அது. கால்ச்சிசின் அதுலயும் இருக்கு. இங்கிலீஷ் மாத்திரை வேற, நாட்டு மருந்து வேறன்னு நினைச்சு ஒரே மருந்தை ரெண்டு பக்கமும் சாப்ட்டிருக்காரு. முதல் நாள் வலி போச்சு. தைரியம் வந்து, கடைசி நாள் குழம்புல அந்தப் பொடிய இன்னும் அதிகமாப் போட்டுக்கினாரு. இந்தம்மா திட்டுவாங்கன்னு சொல்லல." காசியம்மாள் பக்கம் திரும்பினார். "அந்த விஷம் தப்பிச்சவங்களுக்கு பத்து நாள், ரெண்டு வாரம் கழிச்சி முடி கொட்டும். வெச்சவ அதே தட்டுல சாப்டுவாளா?" பிறகு ஜெயவேலிடம், "குடுத்தது தெரியாத்தனம். இவங்க மேல பழி விழுறப்ப வாய மூடிகினு இருந்தீங்களே, அது தெரிஞ்சே செஞ்சது. கிளம்புங்க."

அபிதகுசாம்பாள் மெதுவாகக் கேட்டாள். "கருவாடு, மேடம்?"

"டாக்டர்கிட்ட அதையும் கேட்டேன்மா. கருவாட்டால யூரிக் ஆசிட் கொஞ்சம் ஏறும், விரல் வலிக்கும். அதுல யாரும் மூணு நாள்ல சாவறதில்ல. அந்த ஆசிட்ல பெரும்பங்கு உடம்பே பண்றது. பழைய செல்லு உடையறப்ப வரும், அதை கிட்னி வெளிய தள்ளணும். அவர் கிட்னில கல்லு. தள்ள முடியாம தேங்கி, விரல்ல ஊசி ஊசியா படிஞ்சிருக்கு. அந்தக் கிட்னியால மருந்தையும் தள்ள முடியல. உங்க குழம்பு ஒண்ணும் பண்ணல."

அபிதகுசாம்பாள் சுவரில் சாய்ந்தாள். பதினைந்து நாளாக அடக்கிவைத்திருந்த அழுகை, யாருக்கும் பயப்படாமல் வெளியே வந்தது. காசியம்மாள் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, அவள் தோளில் கிடந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அண்ணி, ஒரு வாய் காப்பி குடிக்கிறியா?"

"குடு."

அன்று மத்தியானம் அவள் நன்றாகத் தூங்கினாள். முடி பிறகு முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. மீதி ஒரு முழத்தை அவளே நெய்து முடித்தாள். ஜாமீனில் வந்த ஜெயவேலிடம் பாவுக்கு உண்டான விலையைக் கொடுத்துவிட்டு, சேலையைத் தானே வைத்துக்கொண்டாள். எத்தனை தரம் நீவினாலும் அந்தக் கோடு மட்டும் போகவில்லை.