முருங்கைக்கீரை கொடுத்தவள்

ரயிலடியிலிருந்து வந்த ஜட்கா நின்றதும் ஆசியா உம்மாள் முதலில் பார்த்தது பூட்டைத்தான். போன வருஷம் தன் கையால் போட்ட அதே பூட்டு, அதே இடத்தில் தொங்கியது. வேறொருத்தியாக இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பாள். ஆசியாவுக்கு எரிச்சல்தான் வந்தது. பூட்டிய வீட்டுக்குள் ஒருத்தி குடியிருக்கிறாள் என்றால் அவளிடம் இன்னொரு சாவி இருக்க வேண்டும். அதைக் கொடுத்தது யார்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஹபிபுல்லா துண்டால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் திருட்டு முழி எதுவும் இல்லை. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"நீங்க உள்ள வர வேணாம் மச்சான்."

"நான் எங்க வரப்போறேன்? சத்தியம் பண்ணிட்டுப் போனவனாச்சே. பொழுது சாஞ்சு மஃரிபு பாங்கு சொல்றதுக்குள்ள வந்துடு. புள்ள தேடும்."

சத்தியம் செய்த கதை ஊருக்கே தெரியும். கடலூர் பழைய நகரமான ஓ.டி.யில் ஆசியாவின் குடும்பத்தில் வீடு எப்போதும் பெண்ணுக்குத்தான். கல்யாணத்தன்று வாப்பா இந்த வீட்டை அவள் பேரில் எழுதி வைத்தார். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். சிதம்பரத்துக்காரரான ஹபிபுல்லாவுக்கு அந்த வழக்கம் புதுசு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ஒரு விருந்தில் ஆசியாவின் பெரியப்பா மகன், "பொண்டாட்டி வூட்டுச் சோறு ஒடம்புல ஒட்டுது போல" என்று எல்லார் எதிரிலும் சிரிக்க, மனுஷர் பாதிச் சோற்றில் எழுந்தார். இனி இந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்றார். அடுத்த மாதமே சிதம்பரம் மேல வீதியில் கைலிக்கடை வைத்தார். கடைக்குப் பின்னாலேயே வாடகைக்கு இரண்டு அறை.

ஆசியா வேறு வழியில்லாமல் பின்னால் போனாள். போன கோபத்தில் வீட்டைக் கூட்டவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளவில்லை. பூட்டினாள், திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினாள். ஆனால் வாடகைக்குக் கேட்டு வந்தவர்களையெல்லாம் விரட்டியடித்தாள். என் அடுப்பில் இன்னொருத்தி ஆணம் காய்ச்சுவதா? பாழாகப் போனாலும் என் வீடாகப் பாழாகட்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

ஹிந்திக் கலவரம் ஓய்ந்து ரயில்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய இந்தக் கோடையில்தான் ஞானமேரி கடைக்கு வந்தாள். ஓ.டி.யில் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. புருஷனுக்குக் கைலி எடுக்க வந்தவள், திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஆசியாவைக் கண்டதும் வாயைப் பிளந்தாள்.

"அக்கா, எனக்கு முந்தி வந்துட்டீங்களே! பஸ்ஸுலயா?"

"எங்கேருந்து வர்றேன்?"

"காலையில செவுத்து மேல முருங்கைக்கீரை குடுத்தீங்க இல்ல? அதை ஆய்ஞ்சு வச்சிட்டுத்தான நான் ரயிலேறுனேன். தப்பா நெனைக்காதீங்கக்கா, முன்னெல்லாம் ஒரு இணுக்கு குடுத்ததில்ல. இப்பதான் தெனமும் குடுக்கறீங்க."

அது உண்மைதான். அந்த முருங்கை மரத்தைப் பார்க்கவே ஆசியா யாரையும் விட்டதில்லை.

சரக்கு எடுக்கப் புருஷன் வாராவாரம் கடலூர் போய் வருவதும், வீட்டைப் பற்றிய பேச்சை அவர் எடுக்காததும் அப்போது அவள் மனசில் சேர்ந்து நின்றன. தன்னை அங்கிருந்து கிளப்பிவிட்டு எவளையோ குடிவைத்திருக்கிறார். மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் சண்டை போட்டாள். நாலாம் நாள், "நீயே வந்து பாத்துக்க" என்று ஹபிபுல்லா அழைத்து வந்துவிட்டார். குழந்தை சலீமாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். சலீமாவுக்கு அம்மாவின் இடது காதைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். போன மாதம் ஒரு கனவில் பயந்து காது வளையத்தை இழுத்ததில் அந்தக் காதின் மேல் துளை அறுந்துபோயிருந்தது.

ஆசியா பூட்டைத் திறந்து, சாவியோடு நாதாங்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியைப் பழக்கதோஷத்தில் கதவோரத்து ஆணியில் தொங்கவிட்டாள்.

அடைத்துக் கிடந்த வீட்டின் வாடை இல்லை.

தரை கழுவிக் காய்ந்திருந்தது. செப்புக் குடம் புளி போட்டுத் துலக்கி மின்னியது. பாய்கள் சுருட்டி மூலையில் நின்றன. எங்கிருந்தோ சாம்பிராணி மணத்தது. அவள் இருந்த காலத்தில் வீடு ஒருநாளும் இத்தனை லட்சணமாக இருந்ததில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. என் குடத்தைத் துலக்க இவள் யார்?

அடுப்படியில் மீன் ஆணம் கொதிக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய உம்மா சொல்லிக் கொடுத்த பக்குவம், மாங்காய் போட்ட குழம்பு. வாசனையிலேயே தெரிந்தது.

அடுப்பின் முன்னால் ஒருத்தி குந்தியிருந்தாள்.

"யாருடி நீ?"

அகப்பையின் சத்தம் நின்றது.

"உன்னத்தான் கேக்கறேன். எந்திரி! என் புருஷன் எவ்வளவு நாளா வந்து போறாரு?"

குந்தியிருந்தவள் மெல்ல எழுந்தாள். திரும்பவில்லை. காது மட்டும் தெரிந்தது. வரிசையாக அலுக்கத்துகள், ஆசியா போட்டிருந்த அதே வளையங்கள். இடது காதின் மேல் துளை அறுந்திருந்தது.

ஆசியாவின் காயம் ஆறிவிட்டது.

இவள் காயத்தில் ரத்தம் இன்னும் காயவில்லை. கழுத்து வழியாக வடிந்துகொண்டிருந்தது.

அப்புறம் அவள் திரும்பினாள். ஆசியா தன் முகத்தையே பார்த்தாள். கோபத்தில் கதவைப் பூட்டிய அன்று இருந்த முகம். கண்ணோரம் அன்றைக்கு அழுத ஈரம்கூட அப்படியே இருந்தது.

"தூக்கி எறிஞ்சிட்டுப் போனியே," என்றாள் அவள், ரகசியம் பேசுவதுபோல. "உன் வூட்ட நான் பாத்துக்கிட்டேன். உனக்கு மட்டும் புருஷன், புள்ள, எல்லாம். எனக்கு இந்தச் செவுரு."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இனி உன் புள்ளைய நான் பாத்துக்கறேன்."

அவள் ஆசியாவை உரசிக்கொண்டு வெளியே நடந்தாள். கழுவிய தரையின் குளிர்ச்சி ஆசியாவின் மேல் பட்டது. பாதங்கள் தரையோடு தைத்தது போல நின்றுவிட்டன. ஆணியிலிருந்து துப்பட்டி உருவும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம்.

பூட்டு விழும் சத்தம்.

அப்போதுதான் கால்கள் நகர்ந்தன. ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். தலையிலிருந்து கணுக்கால் வரை வெள்ளையாகப் போர்த்தி, முகத்தையும் மறைத்துக்கொண்டு ஒருத்தி ஜட்காவை நோக்கிப் போனாள். நடையும் ஆசியாவின் நடைதான். துப்பட்டி போட்ட பெண்ணைத் தெருவில் நிறுத்தி முகத்தைக் காட்டச் சொல்வாரா புருஷன்? ஹபிபுல்லா கை கொடுத்து ஏற்றினார்.

"எவளாச்சும் இருந்தாளா?"

"யாருமில்ல மச்சான். என் புத்திதான் கெட்டுப்போச்சு. சீக்கிரம் போவலாம், புள்ள தேடும்."

ஆசியாவின் குரல்.

"மச்சான்! அது நானில்ல! மச்சான்!"

தொண்டை கிழியக் கத்தினாள். சுவரில் ஒட்டியிருந்த பல்லிகூட அசையவில்லை. ஹபிபுல்லா ஒரு முறை திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்க்கும் பார்வைதான் அது. இத்தனை நாள் சண்டை போட்ட மனைவி தணிந்துவிட்ட சந்தோஷத்தில் அவர் சிரித்துக்கொண்டே வண்டிக்காரனிடம் ஏதோ சொன்னார். ஜட்கா கிளம்பியது.

இன்று ராத்திரி சலீமா கையை நீட்டுவாள். அந்த அறுந்த காது அவள் விரலுக்கு அகப்படும். வித்தியாசமே தெரியாமல் தூங்கிப்போவாள். அதை நினைத்தபோது ஆசியாவுக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் பெரிதாக வந்தது.

கொல்லைப்புறம் ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஞானமேரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"மேரி! என்னைக் காப்பாத்து மேரி!"

ஞானமேரி நிமிர்ந்தாள். அந்தக் கூப்பாடு காதில் விழாதவளாக, எப்போதும்போலச் சிரித்தாள்.

"இங்கதான் இருக்கீங்களாக்கா? இப்பத்தான் வாசல்ல ஜட்கா சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் சிதம்பரம் கெளம்பிட்டீங்களோன்னு பாத்தேன்."

ஆசியா மறுபடி கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவளுடைய கை தானாக மேலே போயிற்று. முருங்கைக் கிளையை வளைத்தது. நல்ல கொழுந்தாகப் பார்த்து ஒடித்து, சுவருக்கு மேல் நீட்டியது.

"நான் எங்க போவப்போறேன் மேரி?" என்றது அவள் வாய், மிகவும் பிரியமாக. "என் வூட்ட விட்டுட்டு?"