ஒன்பதாம் நம்பர் கட்டில்

நாலு நாளாக மாத்திரை விழும் சத்தம் கேட்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில், ஒன்பதாம் நம்பர் இரும்புக் கட்டிலில் கிடந்தார் சொரிமுத்து. கங்கைகொண்டானில் மூட்டை தூக்கினவர். மாத்திரை தின்ற முதல் நாளே மூத்திரம் செக்கச்செவேலென்று போனது. மருந்தின் நிறம்தான் என்றாள் நர்ஸ் கலையரசி. ரத்தம்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி வைத்து, அவள் நகர்ந்ததும் மூடி கழன்ற கட்டில்கால் குழாய்க்குள் போட்டுவிடுவார். அடியில் 'டக்'கென்று விழும்.

இப்போது டக் இல்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார். முழுசாக உள்ளே போனது, மாத்திரை ஒன்றும் தட்டவில்லை. இழுத்தால் உடனே வரவில்லை. யாரோ பிடித்துப் பார்த்துவிட்டு விட்ட மாதிரி, கொஞ்சம் பொறுத்து வந்தது.

அன்று பத்து மணிக்கு டாக்டர் காந்திமதிநாதன் ஊசியோடு வந்தார். ஈரலில் ஒரு துளி எடுத்து மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பாராம். குட்டு உடைந்தால் பேரை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று சொரிமுத்து சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீரும். ஊசி தலைமுடி கனம்தான். போன வருசம் இதே கட்டில்ல சங்கிலிபூதத்தானுக்குப் பெரிய ஊசி போட்டோம், ரத்தம் நிக்கல. வலப்பக்கமா அசையாமக் கிடயும்னேன், பாவம், சொன்னபடி கிடந்தாரு. எந்திரிக்கலாம்னு சொல்ல வந்தா உயிர் இல்ல. உமக்கு ரெண்டு மணி நேரம் போதும். மூச்ச வெளிய விட்டு நிறுத்தும்வே."

நிறுத்தினார். ஊசி இறங்கியது. வலிக்கவேயில்லை.

முதுகுக்குப் பின்னால் யாரோ 'ஸ்ஸ்' என்றார்கள்.

வலப்பக்கம் ஒருக்களித்து, சுவரைப் பார்த்தபடி கிடந்தார். பினாயில் வாடை. மின்விசிறியின் கடகடப்பு. அதற்கடியில் இன்னொரு சத்தம்: அவர் மூச்சை விடும்போது பின்னால் ஒரு மூச்சு உள்ளே போனது. முதலில் சளி கட்டின மூச்சு. நேரம் போகப் போகத் தெளிந்தது. மெத்தை பைய அமிழ்ந்தது. ஒல்லி ஆளின் கனமில்லை. தேறிவருகிற ஆளின் கனம்.

டாக்டர் தாளோடு திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பு. "ஈரல்ல மருந்து நிறைஞ்சு கிடக்கு. ஒண்ணு விடாம முழுங்கியிருக்கீரு."

"ஐயா, முதல் நாளுக்கப்புறம் நான் ஒண்ணுகூட முழுங்கல. எல்லாம் குழாய்க்குள்ள."

"ஈரலே சொல்லுது, நீரு என்னவே சொல்லுதீரு."

"பின்னால ஆள் இருக்கு, ஐயா."

டாக்டர் எட்டிப் பார்த்தார். கலையரசியும் பார்த்தாள். "தலையணைதான்" என்றாள்.

"கொஞ்சம் அசையாமக் கிடயும். நான் வந்து சொல்லுத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர்.

மணி பன்னிரண்டு. ஒன்று. வரவில்லை.

சொரிமுத்துவுக்கு இருமல் முட்டியது. பின்னால் இருமல் இல்லை.

எழ நினைத்தார். இடுப்பு அசையவில்லை. இடுப்பின் மேல் ஒரு கை கிடந்தது. சூடான கை. பைய ஊர்ந்து முகத்துக்கு முன்னால் வந்தது. நிமிர்ந்தது. விரிந்தது.

உள்ளங்கை ரேகையெல்லாம் மாத்திரைச் சிவப்பு.

விரித்தபடியே நின்றது, அடுத்த மாத்திரைக்கு.