மூன்றாவது கைப்பேசி

ஆலைக்குள் இருந்தது இரண்டு பேர். திரையில் இருந்தது மூன்று கைப்பேசி.

கிறிஸ்டின் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று அவளுடையது. மேசைமேல் ஆறிப்போன மைலோ குவளைக்குப் பக்கத்தில் கிடந்தது. இன்னொன்று அவள் கணவன் மார்கஸுடையது. அது அவன் குளிர்ச்சட்டைப் பையில் ஏறி, குளிரறைகள் இருக்கும் பக்கம் போயிருந்தது. மூன்றாவதும் அதே குளிரறைத் தாழ்வாரத்தில்தான் இருந்தது, ஆனால் அதற்குப் பெயர் இல்லை. பெயரைப் பதியாமல் எந்தக் கைப்பேசியும் இந்த ஆலையின் வைஃபையில் சேர முடியாது. அந்த விதியை வைத்தவளே அவள்தான். பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

ராயா என்னும் நோன்புப் பெருநாளின் முதல் நாள், பிற்பகல். பெக்கான் நானாஸுக்கு வெளியே, அன்னாசியை நறுக்கி உறையவைத்துக் கப்பலேற்றும் பெரிய ஆலை அது. மற்ற நாளில் அரவை இயந்திரமும் ஃபோர்க்லிஃப்ட் ஹாரனும் காதைப் பிளக்கும். இன்று எல்லாரும் கம்பத்துக்கு, அவரவர் கிராமத்துக்கு, போய்விட்டார்கள். ராயாவுக்கு மற்றவர்கள் வேலை பார்ப்பது, தீபாவளிக்கு மலாய்க்காரர்கள் பார்ப்பது என்று அங்கே எழுதாத ஓர் ஏற்பாடு உண்டு. கிறிஸ்டின் கத்தோலிக்கப் பெண் என்பதால் ராயாவுக்கும் அவள்தான், தீபாவளிக்கும் அவள்தான். "உனக்கென்ன, உன் பெருநாள் டிசம்பர்லதானே" என்று சிரித்துக்கொண்டே தலையில் கட்டிவிடுவார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவாள். மார்கஸ் அதே ஆலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்ததால் இன்று அவனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

வேலை இதுதான். ஆலை முழுக்கக் கூரையில் வெள்ளைத் தட்டுகள் மாதிரி வைஃபை பெட்டிகள் தொங்கின. அவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. மாடியில், சன்னல் இல்லாத இந்தச் சின்ன அறையில் இருக்கும் கண்ட்ரோலர் சொல்வதைத்தான் கேட்கும். ஆள் நடக்க நடக்கக் கைப்பேசி ஒரு பெட்டியை விட்டு அடுத்த பெட்டிக்குத் தாவும். எது எந்தப் பெட்டிக்குக் கீழே நிற்கிறது என்பதைக் கண்ட்ரோலர் ஆலை வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டிவிடும். அந்தக் கண்ட்ரோலருக்குப் புது மென்பொருள் ஏற்ற வேண்டும். ஏற்றினால் வரிசை வரிசையாக எல்லாப் பெட்டிகளும் அணைந்து மறுபடி எழும். ஆலை ஓடும் நாளில் அதைச் செய்தால் மேலதிகாரி உயிரை எடுத்துவிடுவார்.

குளிர்சாதனக் காற்று அவள் பின்கழுத்தில் விட்டுவிட்டு ஊதியது. கண்ட்ரோலரின் காற்றாடிகள் ஒரே சுருதியில் இரைந்தன. கீழே எங்கோ கம்ப்ரஸர் ஒன்று உறுமி நின்று, கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி உறுமியது. சுவருக்கு அப்பால் மழை பெய்துகொண்டிருந்தது. இத்தனை கதவு தாண்டியும், புளித்த அன்னாசியின் வாசம் அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"என்னங்க, தாழ்வாரத்துப் பெட்டி ஒயரைச் சொருகியாச்சா?"

"முடிஞ்சிச்சு. ஐஸ் பிடிச்சுக் கழண்டிருக்கு, அவ்வளவுதான். அலமாக், என்னா குளிரு இங்க!"

"அங்க வேற யாரும் இருக்காங்களா?"

"யாரு இருப்பா? பேய்க்குக்கூட ராயா லீவுலா." மார்கஸ் சிரித்தான். தாழ்வாரம் அந்தச் சிரிப்பை இரண்டு முறை திருப்பிச் சொன்னது.

"ஒரு ஃபோன் காட்டுது. யாராவது மறந்து வச்சிட்டுப் போயிருப்பாங்க. கண்ணுல பட்டா எடுத்துட்டு வாங்க."

அப்படித்தான் இருக்கும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டாள். குளிரில் ஒரு கைப்பேசியின் பேட்டரி அரை நாள்கூடத் தாங்காது என்பதும், ஆலை மூடி இரண்டு நாளாகிறது என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. தெரிந்ததை ஓரமாகத் தள்ளிவைத்தாள். வரைபடத்தைப் பெரிதாக்கினாள். தாழ்வாரத்தில் ஒரே பக்கமாக ஆறு குளிரறைகள், வாசலுக்கு ஒரு பெட்டி. மார்கஸின் புள்ளி இரண்டாம் அறைக்குக் கீழே. பெயரில்லாதது ஐந்தாம் அறைக்குக் கீழே.

பிறகு அது நான்காம் அறைக்கு வந்தது.

கிறிஸ்டின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறந்துவைத்த கைப்பேசி நடக்காது. திருடனோ? இந்த மழையில், உறைந்த அன்னாசியைத் திருடவா வருவான்? வாசல் காவல் கொட்டகைக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காவலுக்கு இருக்கும் ஜாகா ஐயாசாமியைக் கம்பத்துக்காரர்கள் ராயா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். ரெண்டாங் கறி என்றால் மனிதர் வேலையை மறந்து கிளம்பிவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம்.

"என்னங்க, அங்க யாரோ இருக்காங்க. ஃபோன் நகருது. நீங்க ஒண்ணாம் ரூம் பக்கமா வெளிய வந்துடுங்க. இப்பவே."

"யாரு?"

"தெரியல. வந்துடுங்க."

அவள் குரலில் இருந்தது அவனுக்கு எட்டியிருக்க வேண்டும். கேலி செய்யாமல், "சரி, வரேன்" என்றான். தாழ்வாரத்துக்கு இரண்டு முனையிலும் வழி உண்டு. ஒன்றாம் அறையைத் தாண்டினால் லாரி ஏற்றுமிடம். ஆறாம் அறையைத் தாண்டினால் பேக்கிங் கூடம், அங்கிருந்து இந்த மாடிக்குப் படிக்கட்டு. இரண்டாம் அறையில் நிற்பவனுக்கு ஒன்றாம் பக்கம்தான் கிட்டம். கிறிஸ்டின் அவன் புள்ளியைப் பார்த்தாள்.

அவன் புள்ளி மூன்றாம் அறைக்குப் போனது.

"தப்பான பக்கம் போறீங்க! திரும்புங்க, ஒண்ணு பக்கம் வாங்க!"

"ஒண்ணு பக்கம்தான் வரேன் கிறிஸ்டின்."

"இல்ல, திரையில பாக்கறேன், நீங்க அது கிட்டப் போறீங்க!"

"கதவுல இத்தாம் பெரிசா நம்பர் எழுதியிருக்கு. அஞ்சு தாண்டிட்டேன், இப்ப நாலு. உன் திரைக்குக் கண்ணு தெரியலையா?"

அஞ்சு. நாலு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அந்தத் தாழ்வாரத்துப் பெட்டிகளை எல்லாம் கழற்றியிருந்தார்கள். கூரை அடைத்த குத்தகைக்காரர்களே திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள். குளிரில் ஏணி போட்டு நிற்பவன் பெட்டியின் பெயரைப் படித்துக்கொண்டிருப்பானா? கைக்கு வந்ததை மாட்டியிருக்கிறான். ஒன்றாம் பெட்டி ஆறாம் வாசலில், ஆறாவது ஒன்றாம் வாசலில், நடுவிலும் அப்படியே தலைகீழாக. கண்ட்ரோலருக்குப் பெட்டியின் பெயர் தெரியும், அது எங்கே தொங்குகிறது என்று தெரியாது. திரையில் எல்லாப் பெட்டியும் பச்சையாக எரிந்தது. பச்சையாக எரிந்தால் யாரும் கீழே போய்ப் பார்ப்பதில்லை. அந்த ஆலையில் வேலை நடக்கும் விதமே அதுதான்.

அப்படியென்றால் மார்கஸ் நின்றது ஐந்தாம் வாசலில். அவனுக்குக் கிட்டத்தில் இருந்தது ஆறாம் பக்கத்து வழி. அவள்தான் அவனைத் தாழ்வாரத்தின் நீளத்துக்கும் நடக்கவைத்து, அது நிற்கும் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"மார்கஸ்! நில்லுங்க! திரும்பி ஆறு பக்கம் ஓடுங்க. அது உங்களுக்கு முன்னாடி இருக்கு. முன்னாடி!"

வாக்கி-டாக்கியில் இரைச்சல். அதற்குள் அவன் மூச்சு. காலணியின் சத்தம் நின்றது.

"கிறிஸ்டின்," என்றான் மெதுவாக, "மூணாம் ரூம் கதவு திறந்திருக்கு. நான் வரும்போது மூடியிருந்திச்சு."

"ஓடுங்க!"

ஓடும் சத்தம் கேட்டது. அவனுடையது மட்டும்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அப்போது பார்த்து, அவள் முன்பே தொடங்கிவிட்டிருந்த மென்பொருள் ஏற்றும் வேலை குளிரறை வரிசைக்கு வந்தது. தாழ்வாரத்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. வழியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் எதுவுமே எழாது. அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். ஆறும் சிவப்பு. புள்ளிகள் இரண்டும் போய்விட்டன.

"மார்கஸ்? பேசுங்க."

இரைச்சல்.

"என்னங்க... எதாவது பேசுங்களேன்."

கம்ப்ரஸர் உறுமியது. நின்றது. மழை. காற்றாடி. அவள் சிலுவைக் குறி இட்டுக்கொண்டாள். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி தொடங்கினாள். சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லிவந்த ஜெபம் நாக்கில் வர மறுத்தது. கீழே இறங்கிப் போக வேண்டும். போகத்தான் வேண்டும், அவன் அவளுடைய புருஷன். திரை இருக்கும்வரை அவன் எங்கே என்று தெரிந்துவிடும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பச்சை. ஒன்று. இன்னொன்று. ஆறும்.

மார்கஸின் புள்ளி எழுந்தது. தாழ்வாரத்திலேயே, ஒரே பெட்டிக்குக் கீழே. அசையாமல்.

பெயரில்லாதது தாழ்வாரத்தில் இல்லை.

பேக்கிங் கூடத்தில் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டுக்கு வந்தது. படிக்கட்டிலிருந்து மாடி நடைக்கு. ஓடும் வேகமில்லை. வீட்டுக்குள் நடக்கும் ஒருவர் நடப்பது மாதிரி.

கிறிஸ்டின் எழுந்து கதவைத் தாழிட்டாள். விளக்கை அணைக்கலாமா? வேண்டாம். இருட்டு வேண்டாம்.

காலடி.

நின்றது.

"கிறிஸ்டின்." மார்கஸின் குரல். "கதவத் திற. நான்தான்."

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. திரும்பித் திரையைப் பார்த்தாள். அவன் புள்ளி இன்னும் குளிரறைத் தாழ்வாரத்தில். கதவுக்கு வெளியே நிற்பது பெயரில்லாதது என்றது வரைபடம்.

வரைபடம்! சற்றுமுன் அவனைக் கொல்லப் பார்த்த அதே வரைபடம். ஓடும்போது கைப்பேசியைக் கீழே போட்டிருப்பான். அந்தத் திருடனுடையதை எடுத்துக்கொண்டு வந்திருப்பான், அவள்தானே எடுத்துவரச் சொன்னாள். ஒரு தடவை திரையை நம்பிப் புருஷனைப் பறிகொடுக்கப் பார்த்தது போதாதா? இன்னொரு தடவையா?

"திற, கிறிஸ்டின். குளிருது."

திறந்தாள்.

மார்கஸ்தான். தலைமுடியில் வெள்ளையாகப் பனித்தூள், உதடு நீலம், கண்ணில் அவளைப் பார்த்த நிம்மதி. அப்படியே சாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டான். அவளும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிடுங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், நான்தான்" என்று அவன் தோளில் முகம் புதைத்து அழுதாள். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். குளிர்ச்சட்டையின் வழியே கையிலேறிய குளிர் எலும்புவரை போனது. அவனிடம் எப்போதும் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு வாடை இல்லை. வியர்வை இல்லை. ஓடிவந்தவனுக்கு மூச்சு வாங்கவும் இல்லை.

மூச்சே இல்லை.

அவன் தோளிலிருந்து தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். அவள் தலைக்கு நேர் மேலே தொங்கும் பெட்டியின் கீழே இரண்டு கைப்பேசி. அவளுடையது ஒன்று. பெயரில்லாதது ஒன்று. அந்தப் பெட்டியைக் குத்தகைக்காரர்கள் மாட்டவில்லை. மூன்று நாளைக்கு முன் அவளே நாற்காலி போட்டு ஏறி, பெயரைப் படித்து, தன் கையால் மாட்டியது.

அவள் விலகப் பார்த்தாள். கைகள் விடவில்லை.

மேசைமேல் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"கிறிஸ்டின்..." பல் அடித்துக்கொள்ளும் சத்தம். "ஆறாம் ரூமுக்குள்ள ஒளிஞ்சேன்... கதவ வெளியிலேர்ந்து மூடிட்டாங்க. கை விறைச்சுப் போச்சு. கேக்குதா? சீக்கிரம் வந்து திறயேன்..."

கத்த வாயைத் திறந்தாள். குளிர்ந்த உள்ளங்கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது. முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்று, அவளைத் தாண்டி மேசைக்கு நீண்டு, வாக்கி-டாக்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தியது. காதோரம், கணவனின் முகத்திலிருந்து, கிறிஸ்டினின் குரல் அன்பாகப் பேசியது.

"பயப்படாதீங்க. அங்கேயே இருங்க. இதோ வந்துட்டேன்."