காய்ந்த முடிச்சு

ராக்கம்மாள் காவல் நிலையப் படி ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்கம்மா, எங்கூட்டுக்காரரு மேல தப்பில்லீங்க. சாயங்காலத்துக்குள்ள வேலைய உட்டு நிறுத்திருவேன்னு மேனேஜர் சொல்லிப்போட்டாருங்க."

வாசலூர்பட்டி படகுத்துறையில் அவள் கணவன் மாதன் காவலாளி. அன்று காலை புது மிதிபடகு மதகோரப் பாறையில் மோதி, முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. கட்டியிருந்த கயிற்றைக் காணோம். படகு கட்டும் கம்பத்தில் தூண்டில் நரம்புத் துண்டு ஒன்றுதான் தொங்கியது. கயிற்றைத் தொலைத்துவிட்டு மாதன் நரம்பால் கட்டினான், காற்றில் அறுந்துவிட்டது என்பது மேலாளர் நவநீதகிருஷ்ணனின் குற்றச்சாட்டு.

உதவி ஆய்வாளர் பிரிசில்லா கடலூர்க் கடற்கரையில் வளர்ந்தவர், அளந்துதான் பேசுவார். காவலர் விஷ்ணுவோ ஜீப்பில் ஏறும் முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடும் ரகம்.

"இங்க தூண்டில் போடுறது மூணே பேரு மேடம்," என்றான், ஏரிக்கரையில் இறங்கியதும். மாதனும், படகு பழுதுபார்க்கும் அசோக்கும் வைத்திருந்தது தங்கூசி. கண்ணாடி போன்ற ஒற்றை நரம்பு. மேலாளருடையது பச்சைப் பின்னல் நூல்.

"எனக்குத் தங்கூசியே ஆகாது," என்றார் நவநீதகிருஷ்ணன். "ரப்பர் மாதிரி நீளும், மீன் தொட்டாக்கூடத் தெரியாது. தூண்டில் பிடிச்ச நாள்லேர்ந்து எனக்குப் பின்னல் நூல்தான். கத்தி இல்லாம அறுக்கவே முடியாது மேடம்."

விஷ்ணு காதைக் கடித்தான். "கம்பத்துல இருக்கிறது தங்கூசி. அப்ப மேனேஜர் இல்ல."

பிரிசில்லா மாதனைப் பார்த்தார். "உங்க தங்கூசிச் சுருள் எங்கே இருக்கும்?"

"கொட்டாயில ஆணியில தொங்குமுங்க. ஆரு வேணாலும் எடுக்கலாங்க."

கம்பத்திலிருந்த துண்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார் பிரிசில்லா. அது வளையம் வளையமாகச் சுருண்டுகொண்டது. முடிச்சு மட்டும் பால்போல வெளுத்திருந்தது.

"இதுல என்ன தெரியுது விஷ்ணு?"

"அறுந்திருக்கு மேடம்."

"அது எனக்கும் தெரியுது."

பிறகு மூவரிடமும் ஆளுக்கொரு தங்கூசித் துண்டும் கொக்கியும் கொடுத்து, கட்டச் சொன்னார். மாதன் நரம்பைக் கோத்து, முடிச்சை வாயில் வைத்து நனைத்து இழுத்தான். அசோக்கும் அப்படியே செய்தான். மேலாளர் விறுவிறுவென்று சுற்றி, காய்ந்தபடியே இறுக்கினார். முடிச்சு வெளுத்தது, இன்னொரு இழுப்பில் பட்டென்று அறுந்தது.

"தங்கூசியைக் காய்ஞ்சபடி இறுக்கினா சூட்டுல வெளுத்துப் பலம் போயிடும்," என்றார் பிரிசில்லா. "அதுல பழகினவங்களுக்குக் கை யோசிக்கிறதுக்கு முன்னால வாய் நனைச்சிடும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல. இன்னொண்ணு, படகைத் தாங்கி அறுந்த நரம்பு இழுபட்டு நிமிர்ந்திருக்கணும். இதுல சுருளோட வளையம்கூடக் கலையல. இதுல படகைக் கட்டவே இல்ல. கையால அறுத்துத் தொங்க விட்டிருக்காங்க."

"எச்சில் படுத்தலைன்னு என்னைப் பிடிப்பீங்களா?" மேலாளர் சிரிக்கப் பார்த்தார்.

"மாட்டேன். படகைத் தூக்கிப் பார்க்கலாம்."

அசோக்கும் விஷ்ணுவும் படகை இழுத்துக் கரையில் கவிழ்த்தார்கள். தொலைந்ததாகச் சொன்ன கயிறு படகின் மூக்கிலேயே பத்திரமாக இருந்தது. மிதிச் சக்கரத்தின் அச்சில் பச்சை நூல் வரிவரியாகச் சுற்றிக் கிடந்தது. விஷ்ணு பலங்கொண்ட மட்டும் இழுத்தும் அது அறுபடவில்லை, விரல்தான் கிழிந்தது. மேலாளர் இல்லை என்று முதலிலேயே அவசரப்பட்ட தன் வாயை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தங்கூசியா இருந்தா அறுந்து சக்கரத்தை விட்டிருக்கும்," என்றார் பிரிசில்லா. "உங்க நூல் சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்திடுச்சு. காத்து படகைப் பாறையில தள்ளிடுச்சு."

நவநீதகிருஷ்ணன் படகின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "ராத்திரி தூண்டில் போடத்தான் படகை எடுத்தேன், விடியறதுக்குள்ள திரும்பிடலாம்னு நினைச்சேன். தனியாப் படகு எடுக்கக் கூடாதுன்னு போர்டு வெச்சதே நான்தான். விஷயம் மேல போனா..."

"அப்ப இவருக்கு வேலை இருக்குதுங்களா?" ராக்கம்மாள் கேட்டாள்.

"இருக்கு," என்றார் பிரிசில்லா. அவள் அங்கேயே அழுதுவிட்டாள்.

மாதன் மேலாளரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் விஷ்ணுவுக்குத் தாங்கவில்லை.

"என்னைய எழுப்பியிருந்தா நானே மிதிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பனுங்களே, சார்."