மூணு தடவை அக்கா

முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு அந்த நர்ஸ் வார்டுக்குள் நுழைந்தபோது எல்லாம் வழக்கம்போல்தான் இருந்தது. பினாயில் வாடை, மின்விசிறியின் கிறீச்சொலி, இருபத்தெட்டுக் கட்டில். காலையில் அவளை விடுவிக்க வேண்டிய அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் வரவில்லை. இப்போது நடுப்பகல். பதினாறு மணி நேரமாக அவள் உட்காரவே இல்லை.

ஓய்வறை என்று ஒன்று உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. உள்ளே பழைய கோப்புகள். கதவுக்கு வெளியே ஆணியில் இடைவேளைப் பதிவேடு தொங்கும். தினமும் காலையிலேயே மேற்பார்வையாளர் எல்லார் பெயருக்கும் நேராக ‘எடுத்தார்’ என்று எழுதிவிடுவார். ஒரே பேனா, ஒரே சாய்வு.

“மேடம், பத்து நிமிஷம் உட்காந்துக்கட்டுமா?”

“உனக்கு மட்டும்தான் கால் இருக்கா? எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கு, போய்ப் பாரு.”

பதினோராம் கட்டிலில் ஒரு தையல்காரர், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர். “சிஸ்டர், நேத்தைவிட இன்னிக்கு உங்க தோள் ரெண்டு இஞ்ச் இறங்கிப்போச்சு. ஜாக்கெட்டைப் பிரிச்சுத்தான் தைக்கணும்.”

“முதல்ல உங்க தையலைப் பிரிப்போம். அப்புறம் என்னுது.”

அவர் கையில் செருகிய குழாய் அடைத்துக்கொள்ளாமலிருக்க, மருந்து ஏறி முடிந்ததும் கொஞ்சம் உப்புநீரைச் செலுத்த வேண்டும். அது சின்னக் குப்பியில் வரும். பொட்டாசியமும் அதேபோன்ற குப்பியில்தான் வரும். அதுவும் தண்ணீர் மாதிரியே இருக்கும். பெரிய பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினால் உயிரைக் காக்கும். அப்படியே ஏற்றினால் இதயம் அடுத்த துடிப்பை மறந்துவிடும். அதனால்தான் அதைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். எடுத்து வைக்க ஆளில்லாமல், அன்று இரண்டும் ஒரே தட்டில் கிடந்தன.

அதனால்தான் குப்பியில் ஒட்டியிருப்பதை மூன்று தடவை படிக்கச் சொல்வார்கள்: எடுக்கும்போது, ஊசியில் உறிஞ்சும்போது, குப்பியை எறியும் முன். ஆனால் பார்ப்பது கண், படிப்பது மூளை. பதினாறு மணி நேரம் கழித்து மூளை எதிர்பார்த்ததையே படிக்கும்.

ஏழு வருஷத்துக்கு முன் இதே வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். மூன்று தடவையும் வாய்விட்டே படிப்பாள். ‘மூணு தடவை அக்கா’ என்று எல்லாரும் கிண்டலடிப்பார்கள். ஒருநாள், பதினெட்டாவது மணி நேரத்தில், அவளும் தப்பாகப் படித்தாள். நோயாளி இறந்தார். வீடு திரும்பும் வழியில் வண்டியிலேயே கண் செருகி, லாரியில் மோதி அவளும் செத்தாள். விசாரணையில் பதிவேட்டைக் காட்டினார்கள். இடைவேளை: எடுத்தார். பழி முழுக்கச் செத்தவள் தலையில் இறங்கியது.

நர்ஸ் ஒரு குப்பியைத் திருகி ஊசியில் உறிஞ்சினாள். உதடு தானாக முணுமுணுத்தது: “உப்புநீர்.” ஊசியைக் குழாயருகே கொண்டுபோனாள்.

மின்விசிறி நின்றது.

பினாயில் வாடை போய், சூடான தாரும் பெட்ரோலும் நாறின.

பூட்டிய ஓய்வறைக்குள் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

காதோரம் ஒரு குளிர்ந்த மூச்சு. “படி.”

“உப்பு… உப்புநீர்.”

“கண்ணைத் திறந்து படிடி.”

காலிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கினாள்.

பொட்டாசியம்.

ஊசி தரையில் விழுந்து உருண்டது. தையல்காரர் அவளுக்குப் பின்னால் எதையோ வெறித்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர்,” என்றார் மெல்ல. “யாரு அது? அவங்களுக்கு… ஒரு பக்கம் தோளே இல்லையே.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே மேற்பார்வையாளர் மேசைக்குப் போய்க் காலிக் குப்பியை ஓங்கி வைத்தாள்.

“இன்னும் ஒரு நொடியில இது பதினோராம் கட்டில்காரர் உடம்புக்குள்ள போயிருக்கும். நான் இடைவேளை எடுக்கல. அடிச்சு எழுதுங்க.”

“கத்தாத. இப்ப யாருக்கு என்ன ஆயிடுச்சு?”

“ஆகணுமா மேடம்? இன்னொரு பொணம் விழுந்தாத்தான் எங்களுக்கு நாற்காலியா?”

மேற்பார்வையாளர் எழுந்துபோய் ஆணியிலிருந்து பதிவேட்டை உருவிப் பிரித்தார். இன்றைய பக்கத்தில் ‘எடுத்தார்’ எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. நேற்றைய பக்கத்திலும். போன மாதத்திலும். தொட்ட விரலில் மை ஒட்டியது.

“நீதான் கிறுக்கினியா?”

“பாத்ரூம் போகவே நேரமில்ல மேடம்.”

அவர் அதைக் குப்பையில் வீசிவிட்டு அலமாரியிலிருந்து புதுப் பதிவேடு ஒன்றை எடுத்தார். மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். பேனா மூடியைக் கழற்றி, முதல் பக்கத்தைத் திறந்தார்.

ஈரம் காயாத மையில், ஒன்றன்கீழ் ஒன்றாக, அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது.

எடுக்கவில்லை.

எடுக்கவில்லை.

எடுக்கவில்லை.